அபுதாபி வழியாக அமெரிக்காவில் குடியேறப் போகிறீர்களா? விமானம் ஏறும் முன்பே நடக்கும் எல்லைச் சோதனைக்கு முழுமையான வழிகாட்டி

சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ எத்திஹாட் விமானத்தில் அமெரிக்கா போகிறவர்கள், அங்கே இறங்கிய பிறகு இமிகிரேஷன் வரிசையில் நிற்பதில்லை. அந்தச் சோதனை அபுதாபி ஸாயித் பன்னாட்டு விமான நிலையத்திலேயே, அமெரிக்க விமானத்தில் ஏறும் முன்பே முடிந்துவிடும். சீருடையில் உட்கார்ந்திருப்பவர்கள் அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறை அதிகாரிகள். பாஸ்போர்ட்டில் விழுவது அமெரிக்க முத்திரை. இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் பிரீகிளியரன்ஸ்.

சுற்றுலா விசாவில் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவருக்கு இது ஒரு சில கேள்விகளோடு முடிந்துவிடும். குடியேற்ற விசாவில் முதல் முறை போகிறவருக்கு அப்படியில்லை. அமெரிக்காவின் நிரந்தர வாசியாக அவரைப் பதிவு செய்யும் வேலையே இங்கேதான் நடக்கிறது. அண்ணனோ தங்கையோ மனு போட்டு, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்து கிடைத்த விசாவாக இருக்கும். அப்படிப்பட்டவர்கள் ஒன்றரை மணி நேர இடைவெளியில் டிக்கெட் எடுத்துக்கொண்டு, முக்கியமான காகிதங்களைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டு, அபுதாபியில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கக் கூடாது. அதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

எங்கெல்லாம் இந்தச் சோதனை உண்டு?

1952-ல் கனடாவின் டொராண்டோவில் தொடங்கிய ஏற்பாடு இது. இன்று கனடாவின் முக்கிய விமான நிலையங்கள், அயர்லாந்தின் டப்ளின், ஷானன், பஹாமாஸ், பெர்முடா, அரூபா ஆகிய இடங்களில் இருக்கிறது. அபுதாபியில் 2014 ஜனவரியில் வந்தது. வளைகுடாவில் வேறெங்கும் இல்லை. துபாய், தோஹா வழியாகப் போனால் வழக்கம்போல அமெரிக்காவில் இறங்கிய பிறகுதான் சோதனை. கனடா வழியாகப் போக நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டில் கனடாவில் விமானம் மாறக்கூட விசா வேண்டும். முத்திரை விழாத அமெரிக்கக் குடியேற்ற விசா அதற்கு ஈடாகாது.

அபுதாபியிலிருந்து டொராண்டோ போகிறவர்களுக்கு இந்த வழிகாட்டி பொருந்தாது. கனடாவில் குடியேறுகிறவர்களின் பதிவு கனடாவில் இறங்கிய பிறகே நடக்கும்.

டிக்கெட் எடுக்கும்போது

அபுதாபியில் குறைந்தது நான்கு மணி நேரமாவது இடைவெளி இருக்கும்படி எடுங்கள். விமான நிறுவனத்தின் இணையதளம் இரண்டு மணி நேர இணைப்பையும் காட்டும். சாதாரணப் பயணிக்கு அது போதும். குடியேற்ற விசாக்காரர் இரண்டு கட்டச் சோதனையைத் தாண்ட வேண்டும். குடும்பத்தில் நான்கு பேர் என்றால் நான்கு கோப்புகளையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். உங்களுக்கு முன்னால் வேறு இரண்டு குடும்பங்கள் உட்கார்ந்திருக்கலாம். நீங்கள் உள்ளே இருக்கும்போதே விமானம் கிளம்பிவிடவும் வாய்ப்பு உண்டு. ஒரே டிக்கெட்டாக இருந்தால் அடுத்த விமானத்தில் இடம் மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். அபுதாபிக்கு ஒன்று, அங்கிருந்து அமெரிக்காவுக்கு ஒன்று என்று தனித்தனியாக எடுத்திருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. சென்னையிலிருந்து கடைசி ஊர் வரை ஒரே டிக்கெட்டாக எடுப்பதே நல்லது.

விசா முடியும் தேதியையும் பாருங்கள். குடியேற்ற விசா பொதுவாக ஆறு மாதம் வரைதான் செல்லும். மருத்துவப் பரிசோதனையின் காலாவதியை ஒட்டி அந்தத் தேதியைப் போடுவதால், பரிசோதனை முன்கூட்டியே முடிந்திருந்தால் இன்னும் குறைவாகக்கூட இருக்கும். கடைசி வாரத்துக்கு டிக்கெட் எடுத்தால், விமானம் ரத்தானாலோ ஒரு காய்ச்சல் வந்தாலோ விசா போய்விடும்.

கைப்பையில் இருக்க வேண்டியவை

சென்னையில் ஒப்படைக்கும் பெட்டியை அமெரிக்காவில் கடைசி ஊரில்தான் மறுபடி தொடுவீர்கள். அபுதாபியில் "பெட்டிக்குள் இருக்கிறது, எடுத்துத் தருகிறேன்" என்று சொல்ல வழியில்லை. ஆகவே காகிதம் என்று எது இருந்தாலும் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

முதலில் பாஸ்போர்ட், விசா. அப்புறம், தூதரகத்தில் மூடி முத்திரையிட்ட கவர் தந்திருந்தால் அது. இந்தியர்களுக்குப் பெரும்பாலும் மும்பையிலும் இலங்கையர்களுக்குக் கொழும்பிலும் இந்த விசா கிடைக்கிறது. முன்பெல்லாம் ஆளுக்கொரு கவர் கட்டாயமாக இருக்கும். இப்போது பலருடைய கோப்பு மின்னணு வழியில் நேராக எல்லை அதிகாரிக்குப் போய்விடுகிறது. அப்படிப் போயிருந்தால் விசாவின் அடியில் "ஐவி டாக்ஸ் இன் சிசிடி" என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும். அந்த வரி இருந்தால் கவர் வரவில்லையே என்று பதற வேண்டாம். அந்த வரியும் இல்லை, கவரும் இல்லை என்றால் கிளம்பும் முன் தூதரகத்திடம் கேட்டுவிடுங்கள்.

கவரை எக்காரணம் கொண்டும் பிரிக்கக் கூடாது. பிரிக்கும் உரிமை எல்லை அதிகாரிக்கு மட்டும்தான். ஓரம் கிழியாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். மருத்துவப் பரிசோதனையில் மார்பு எக்ஸ்ரே படமோ சிடியோ கையில் தந்திருந்தால் அதையும் கூடவே வையுங்கள்.

இவற்றோடு திருமணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ்களின் அசல், மனு போட்ட உறவினரின் பெயர், தொலைபேசி எண், அமெரிக்காவில் தங்கப்போகும் முழு முகவரி ஆகியவை வேண்டும். முகவரியை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள், பின்கோடு உட்பட. கிரீன் கார்டு தபாலில் அந்த முகவரிக்குத்தான் வரும். செல்போனில் சேமித்திருப்பது உதவாது. சோதனைக் கூடத்தில் போனை எடுக்க விடமாட்டார்கள்.

கிரீன் கார்டுக் கட்டணம்

விசாவுக்குக் கட்டிய பணம் வேறு, இது வேறு. கிரீன் கார்டு அச்சாவதற்கு அமெரிக்கக் குடியுரிமை, குடியேற்றச் சேவைத் துறையின் இணையதளத்தில் ஆளுக்கு 235 டாலர் கட்ட வேண்டும். 2024 ஏப்ரல் முதல் இந்தத் தொகை. கைக்குழந்தைக்கும் தனியாகக் கட்ட வேண்டும். கட்டுவதற்கு ஏ-யில் தொடங்கும் எண்ணும் தூதரக வழக்கு எண்ணும் தேவை. இரண்டும் விசாவிலேயே இருக்கும். அமெரிக்காவில் இருக்கும் உறவினரே கட்டிவிடலாம். கட்டாமல் போனாலும் எல்லையில் திருப்பி அனுப்பமாட்டார்கள், ஆனால் கட்டும் வரை கார்டு வராது. பயணத்துக்கு முன்பே கட்டி முடிப்பது உத்தமம்.

கிளம்பும் முன் கல்யாணம் வேண்டாம்

நம் குடும்பங்களில் அடிக்கடி நடக்கும் விஷயம் இது, அதனால் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். "பையன் அமெரிக்கா போகிறான், போவதற்குள் ஒரு கால்கட்டுப் போட்டுவிடுவோம்" என்று விசா வந்த கையோடு பெண் பார்த்து முகூர்த்தம் குறித்துவிடுகிறார்கள். அந்தப் பையனின் விசா "திருமணமாகாத மகன்" என்ற வகையில் வந்ததாக இருந்தால், தாலி கட்டிய அந்த நிமிடமே விசாவுக்கு அடிப்படை போய்விடுகிறது. பெற்றோரின் எஃப்4 விசாவோடு (உடன்பிறந்தவர் மனு போட்டுக் கிடைக்கும் வகை) சேர்ந்து விசா வாங்கிய மகனுக்கும் மகளுக்கும் இதே கதிதான். எல்லையில் அதிகாரி "திருமணமாகிவிட்டதா?" என்று கேட்பார். ஆம் என்றால் உள்ளே போக முடியாது. இல்லை என்று பொய் சொல்லிப் போனால், பின்னாளில் மனைவிக்கு மனு போடும்போது திருமணத் தேதி வெளிவரும். கிரீன் கார்டே பறிபோகும்.

நிச்சயதார்த்தத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பையன் அமெரிக்கா போய் நிரந்தர வாசியாகப் பதிவான பிறகு திரும்பி வந்து கல்யாணம் செய்துகொண்டு மனைவிக்கு மனு போடலாம். காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் சட்டப்படியான வழி அது.

கணவன் அல்லது மனைவி வகையில் போகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. நுழையும் நாளில் திருமணமாகி இரண்டு ஆண்டுகள் முடியவில்லை என்றால் சிஆர்1 வகை. இரண்டு ஆண்டுக்கான நிபந்தனைக் கார்டு கிடைக்கும். அது முடிவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் ஐ-751 படிவம் போட்டு நிபந்தனையை நீக்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் முடிந்திருந்தால் ஐஆர்1, பத்தாண்டுக் கார்டு. விசா தந்த நாளை விட நுழையும் நாள்தான் இங்கே முக்கியம். உங்கள் இரண்டாவது திருமண நாள் விசாக் காலத்துக்குள்ளேயே வருமானால், அது கழிந்து ஓரிரு நாளில் பயணம் வைத்துக்கொள்ளுங்கள். சிஆர்1 விசாவோடு போனாலும் திருமணச் சான்றிதழைக் காட்டி ஐஆர்1-ஆகப் பதியும்படி அதிகாரியிடம் கேளுங்கள். நீங்களாகக் கேட்காவிட்டால் அவர் விசாவில் உள்ளதையே பதிந்துவிட வாய்ப்பு அதிகம். மெனக்கெட்டுக் கேட்டால் ஒரு பெரிய மனுவும் அதற்கான கட்டணமும் மிச்சம்.

குடும்பமாகப் போகும்போது, யார் பெயரில் விசா வந்ததோ அவர் முதலில் போக வேண்டும், அல்லது எல்லோரும் சேர்ந்து போக வேண்டும். அப்பா பெயரில் வந்த எஃப்4 விசா என்றால், அவர் ஊரில் இருக்க மனைவியும் பிள்ளைகளும் முந்திப் போக முடியாது.

பெட்டியில் என்ன போகலாம், எது கூடாது

பச்சைக் கறிவேப்பிலை கூடவே கூடாது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையிலும் வாழும் என்பதால் அமெரிக்க வேளாண் துறை இதில் கண்டிப்பு. பழம், காய்கறி, விதை, செடி, இறைச்சி இவையும் வேண்டாம். அரிசியும் வேண்டாம், தானியங்களைத் தின்னும் கப்ரா வண்டு இருக்கும் நாடுகளிலிருந்து பயணிகள் பெட்டியில் அரிசி கொண்டுபோகத் தடை உண்டு. இந்தியாவும் அதில் அடக்கம்.

பொடி, வடகம், கடையில் வாங்கி மூடிய ஊறுகாய் போன்றவை பொதுவாகப் பிரச்சினையில்லை. ஆனால் உணவு இருக்கிறதா என்று கேட்டால் "இருக்கிறது" என்று சொல்லி, என்னென்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். சொன்ன பொருள் கூடாததாக இருந்தால் எடுத்துப் போட்டுவிடுவார்கள், அவ்வளவுதான். சொல்லாமல் மறைத்தால் அபராதம்.

சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடியைக் கைப்பையில் வைக்காதீர்கள். 2018 ஜூன் இறுதியிலிருந்து அமெரிக்கா போகும் விமானங்களில் 350 மில்லிக்கு மேற்பட்ட எந்தப் பொடியையும் ஒப்படைக்கும் பெட்டியில் வைக்கச் சொல்கிறார்கள். அபுதாபியில் இரண்டாவது பாதுகாப்புச் சோதனை இருப்பதால், சென்னையில் தப்பிய பொட்டலம் அங்கே மாட்டும். அம்மா இடித்துக் கொடுத்த பொடி குப்பைக் கூடைக்குப் போக வேண்டியதில்லை, பெரிய பெட்டியில் போடுங்கள்.

பணத்துக்கு வருவோம். இந்தியாவிலிருந்து ஒருவர் ரொக்க நோட்டாக 3,000 டாலர் வரை எடுத்துப்போகலாம். அமெரிக்காவில் 10,000 டாலருக்கு மேல் இருந்தால் அறிவிக்க வேண்டும். இந்த 10,000 ஒரு குடும்பத்துக்கு மொத்தமாக. நான்கு பேர் ஆளுக்கு 3,000 கொண்டுபோனால் 12,000 ஆகிவிடும். அறிவித்தால் வரி எதுவும் கிடையாது. அறிவிக்காமல் பிடிபட்டால் பணத்தையே பறிமுதல் செய்யலாம். நகை இந்தக் கணக்கில் சேராது, ஆனாலும் கைப்பையில் வைத்து, ரசீதோ படமோ கூடவே எடுத்துப்போங்கள். சுங்கத்தில் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.

மீனம்பாக்கத்தில்

இங்கே பெரிய வேலை இல்லை. கவுன்டரில் விசாவைப் பார்த்து, அமெரிக்க முகவரியைக் கேட்பார்கள். பெட்டிக்குக் கடைசி ஊர் வரை டேக் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அந்த ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். இந்தியக் குடிமக்கள் புறப்பாட்டு அட்டை நிரப்பும் வழக்கம் 2017 ஜூலையோடு போய்விட்டது. விமானம் மாற மட்டும் அபுதாபிக்குப் போகிறவர்களுக்கு அமீரக விசா வேண்டாம்.

அபுதாபியில் படிப்படியாக

இறங்கியதும் அமெரிக்க விமானங்களுக்கான அறிவிப்புப் பலகையைப் பின்பற்றி நடங்கள். கடைகளைப் பார்க்கத் தோன்றும். வேண்டாம், நேரே போங்கள். சாப்பிட வேண்டும், மருந்து போட வேண்டும் என்றால் உள்ளே நுழையும் முன் முடித்துவிடுங்கள்.

முதலில் பாதுகாப்புச் சோதனை. சென்னையில் ஒருமுறை முடிந்திருந்தாலும் அமெரிக்க விதிப்படி இன்னொரு முறை நடக்கும். தண்ணீர் பாட்டில் காலியாக இருக்கட்டும்.

அடுத்து எல்லை அதிகாரியின் மேசை. பாஸ்போர்ட்டையும் கவரையும் கொடுங்கள். குடும்பமாக இருந்தால் எல்லோரும் சேர்ந்தே போகலாம். கைரேகை, புகைப்படம் எடுப்பார். யாரிடம் போகிறீர்கள், எங்கே தங்குவீர்கள், எவ்வளவு பணம், என்ன உணவு என்று கேட்பார். திரையில் உங்கள் பெட்டியின் படத்தைக் காட்டி "இது உங்களுடையதா?" என்று கேட்டால் திகைக்க வேண்டாம், பெட்டி நேராக விமானத்துக்குப் போவதால் படத்தை வைத்துத்தான் சுங்கச் சோதனை. பெட்டி வந்து சேர்ந்த தகவல் கணினியில் ஏறும் வரை சற்று நேரம் காத்திருக்கச் சொல்வதும் உண்டு.

அதன் பிறகு உங்களை வேறொரு அறைக்கு அனுப்புவார்கள். செகண்டரி என்பார்கள். இந்தச் சொல்லைக் கேட்டதும் பலருக்கு முகம் வெளுத்துவிடுகிறது. குற்றம் கண்டுபிடித்து உட்கார வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். குடியேற்ற விசாவில் முதல் முறை போகும் எல்லோருக்கும் இது வழக்கமான படி. அங்கேதான் கவரைப் பிரித்து, அல்லது மின்னணுக் கோப்பைத் திறந்து, பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாவற்றையும் சரிபார்த்துப் பதிவு செய்வார்கள். பெயர் கூப்பிடும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். விமானத்துக்கு நேரம் நெருங்கிவிட்டால் போர்டிங் பாஸைக் காட்டி மரியாதையாக ஒரு வார்த்தை சொல்லலாம்.

இங்கே முகவரி சரியாக இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். குடியேற்ற விசாவுக்கு விண்ணப்பிக்கும் டிஎஸ்-260 படிவம் நிரப்பியபோது அண்ணன் இருந்த வீடு வேறு, இப்போது இருக்கும் வீடு வேறு என்பது நீண்ட காத்திருப்பில் சகஜம். இப்போதே மாற்றச் சொன்னால் மாற்றிவிடுவார்.

பாஸ்போர்ட் திரும்பிக் கைக்கு வந்ததும், அந்த இடத்தை விட்டு நகரும் முன் முத்திரையைப் பாருங்கள். தேதி சரியா, வகை சரியா என்று படித்துப் பாருங்கள். எஃப்41 (எஃப்4 வகையில் யார் பெயரில் விசா வந்ததோ அவருக்கான குறியீடு) என்று இருக்க வேண்டிய இடத்தில் வேறேதும் எழுதியிருந்தால் அங்கேயே சொல்லுங்கள். அமெரிக்கா போன பிறகும் திருத்தலாம், ஆனால் அதற்குத் தனியாக ஒரு அலுவலகத்துக்கு அலைய வேண்டும். முத்திரை விழுந்த அந்த விசாதான், விசாவில் அச்சாகியிருக்கும் வாசகத்தின்படி, ஓராண்டுக்கு உங்கள் தற்காலிக கிரீன் கார்டு. வேலையில் சேரவும், ஊரில் அவசரம் என்றால் போய்த் திரும்பவும் அது போதும்.

ஆங்கிலம் தெரியாத பெற்றோர் தனியாகப் போனால்

பிள்ளைகள் மனு போட்டுக் கிடைக்கும் ஐஆர்5 விசாவில் போகும் அம்மா அப்பாக்கள் பலர் இந்த வழியில் போகிறார்கள், அமெரிக்காவில் இறங்கிய பிறகு கேள்வி எதுவும் இருக்காது என்பதால். சக்கர நாற்காலி உதவியை டிக்கெட்டிலேயே பதிவு செய்துவிடுங்கள். நடையும் வரிசையும் மிச்சம். தள்ளிக்கொண்டு வரும் ஊழியர் மொழிபெயர்ப்பாளர் இல்லை என்பதையும் அவர்களுக்குச் சொல்லி வையுங்கள். மொழி புரியாதபோது எதற்கும் "யெஸ்" சொல்லித் தலையாட்டுவதுதான் ஆபத்து. "தமிழ் மட்டும்தான் தெரியும், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று ஆங்கிலத்தில் எழுதிய தாள் ஒன்றை பாஸ்போர்ட்டோடு வைத்துக் கொடுங்கள். தொலைபேசி வழியாக மொழிபெயர்ப்பாளரை அழைக்கும் வசதி அதிகாரிகளுக்கு உண்டு. கேட்க வெட்கப்பட வேண்டாம் என்று வீட்டிலேயே சொல்லிக் கொடுத்து அனுப்புங்கள். அதே தாளில் உங்கள் பெயர், முகவரி, எண், பெட்டியில் உள்ள உணவுப் பட்டியல் எல்லாம் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

சிக்கல் வந்தால்

விசா இருந்தாலும் அனுமதி அதிகாரியின் கையில்தான். திருமண நிலை மாறியிருந்தாலோ, மனு போட்டவர் இறந்துபோயிருந்தாலோ, படிவத்தில் சொன்னதற்கும் இப்போது சொல்வதற்கும் பொருத்தமில்லாமல் இருந்தாலோ விமானம் ஏற அனுமதி மறுக்கலாம். அப்படி ஆனால் நீங்கள் இருப்பது அபுதாபியில். ஊருக்குத் திரும்பும் விமானம்தான். புரியாத எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள், மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். தரும் காகிதங்கள் அனைத்தையும் வாங்கிப் பத்திரப்படுத்தி, திரும்பியதும் அமெரிக்கக் குடியேற்ற வழக்கறிஞரிடம் காட்டுங்கள். மனு போட்டவர் இறந்தது முன்பே தெரிந்திருந்தால் பயணத்துக்கு முன்பே ஆலோசனை கேட்பது அவசியம்.

அமெரிக்காவில் இறங்கிய பிறகு

நியூயார்க்கிலோ சிகாகோவிலோ இறங்கும்போது உள்நாட்டுப் பயணி போலவே வெளியே வருவீர்கள். அழைக்க வரும் உறவினர்களுக்கு இதை முன்பே சொல்லிவிடுங்கள். சர்வதேச வருகை வாசலில் அவர்கள் நிற்க, நீங்கள் வேறு பெல்ட்டில் பெட்டியை எடுத்துக்கொண்டு தேட நேரும். வேறு ஊருக்கு இணைப்பு விமானம் இருந்தால், ஒரே டிக்கெட்டில் பெட்டி நேராகக் கடைசி ஊருக்குப் போய்விடும், நடுவில் எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டாம்.

டிஎஸ்-260 படிவத்தில் சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்டிருந்தால் அந்த அட்டை சில வாரங்களில் தபாலில் வரும். கிரீன் கார்டுக்கு, நுழைந்த நாள், கட்டணம் கட்டிய நாள் இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து 90 நாட்கள் வரை ஆகலாம். அந்த முகவரியின் தபால் பெட்டியில் உங்கள் பெயரையும் ஒட்டச் சொல்லுங்கள். நடுவில் வீடு மாறினால் 10 நாட்களுக்குள் குடியுரிமை, குடியேற்றச் சேவைத் துறையின் இணையதளத்தில் முகவரி மாற்றத்தைப் பதிவு செய்ய வேண்டும். தபால் நிலையத்தில் மட்டும் மாற்றினால் போதாது.